‘உஸ்… அப்பாடா!’: மன அழுத்தத்தை உடல் வழியாக இறக்குவது எப்படி?

கூட்டமான பேருந்தில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு, கடைசியில் ஒரு சீட் கிடைத்து உட்காரும்போது வாயிலிருந்து தானாக ஒரு சத்தம் வரும்: ‘உஸ்… அப்பாடா!’ அதை யாரும் யோசித்துச் சொல்வதில்லை. எல்லாப் பேச்சுமே மூச்சு வெளியே போகும்போதுதான் வருகிறது. ஆனால் இந்த இரண்டும் பேச்சு என்பதைவிட மூச்சு என்பதே பொருத்தம். நெஞ்சு காலியாகும் வரை மூச்சை நீட்டி வெளியே விடுகிறோம். விட்டதும் தோள் இரண்டும் தாழ்கின்றன.

‘மன அழுத்தம் குறைய எளிய வழிகள்’ என்று செல்போனுக்கு வந்துகொண்டே இருக்கும் பட்டியல்களில் முக்கால்வாசி யோசனைகள் சரியானவைதான். ஆனால் அவை ஏன் வேலை செய்கின்றன என்று யாரும் சொல்வதில்லை. அதனால் இரண்டு நாள் செய்துவிட்டு விட்டுவிடுகிறோம். அல்லது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயத்துக்கு மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அந்த ‘அப்பாடா’வுக்குப் பின்னால் இருக்கும் உடலியல் தெரிந்தால் எது பலிக்கும், எது பலிக்காது, எந்த இடத்தில் எதுவுமே போதாது என்பது விளங்கும்.

## முதலில் சொல்லைச் சரிசெய்வோம்

செய்தித்தாளின் ஒரு பக்கத்தில் ‘மன அழுத்தத்துக்காகச் சிகிச்சை பெற்றுவந்தார்’ என்று இருக்கும். அதே நாள் இணைப்பிதழில் ‘மன அழுத்தம் போக்கும் வண்ணக் கோலங்கள்’ என்று இருக்கும். இரண்டும் ஒன்றா? இல்லை. தமிழில் இந்த ஒரே சொல் இரண்டு வேறு விஷயங்களைச் சுமக்கிறது. பேச்சு வழக்கு மூன்றாவதாக ஒன்றையும் அதன் தலையில் ஏற்றிவிட்டது.

1. ஸ்ட்ரெஸ். ஒரு நெருக்கடிக்கு உடலும் மனமும் காட்டும் எதிர்வினை. பரீட்சை, கடன் தவணை, வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர், அலுவலகத்தில் முடியாத வேலை. டென்ஷன், படபடப்பு, உளைச்சல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். காரணம் விலகினால் இதுவும் அடங்கும்.

2. டிப்ரஷன். மனச்சோர்வு என்று சொல்வது பொருத்தம். இது நோய். வெளியே காரணம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பிடித்ததில்கூட நாட்டமில்லாமல் போவது, தூக்கமும் பசியும் தலைகீழாவது, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம். இவை இரண்டு வாரம் விடாமல் நீடித்தால் கோலம் போட்டுத் தீராது.

3. ‘பிரஷர்’. ‘என் பிரஷரை ஏத்தாதே’ என்கிறோம். டென்ஷனில் ரத்த அழுத்தம் அந்த நேரத்துக்கு ஏறுவது உண்மை. ஆனால் உயர் ரத்த அழுத்த நோய் உள்ள பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. ‘நான்தான் டென்ஷனே ஆகிறதில்லையே, எனக்கு எதுக்கு பிரஷர் மாத்திரை’ என்று நிறுத்திவிடுகிறவர்கள் இந்தச் சொற்குழப்பத்துக்குத் தங்கள் மூளையையும் சிறுநீரகத்தையும் பணயம் வைக்கிறார்கள்.

இந்தக் கட்டுரை முதலாவதைப் பற்றியது. ‘ஸ்ட்ரெஸ்’ என்ற அந்தச் சொல்லே கடன் வாங்கியதுதான். பள்ளி இயற்பியலில் ‘தகைவு’, ‘திரிபு’ என்று படித்திருப்போம். கம்பியை இழுக்கும்போது அதற்குள் எழும் விசை தகைவு; அதனால் கம்பிக்கு நேரும் மாற்றம் திரிபு. வியன்னாவில் பிறந்து கனடாவின் மான்ட்ரியலில் வேலை பார்த்த ஹான்ஸ் செல்யே என்ற ஆராய்ச்சியாளர், தகைவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத்தான் எடுத்து உடலுக்குப் பொருத்தினார். தன் ஆங்கிலம் இன்னும் நன்றாக இருந்திருந்தால் ‘திரிபு’க்கான சொல்லை எடுத்திருப்பேன் என்று பின்னாளில் அவரே சொன்னார். நியாயம்தான். உடலில் நேரும் மாற்றத்தைத்தானே அவர் பார்த்தார்?

அவர் பார்த்தது எலிகளை. குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி ஓட வைத்தாலும், மருந்து கொடுத்தாலும் எலிகளுக்கு ஒரே மாதிரி மூன்று விஷயங்கள் நடந்தன: அட்ரினல் சுரப்பி வீங்கியது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. 1936 ஜூலையில் ‘நேச்சர்’ இதழில் இதை ஒரு சிறு குறிப்பாக வெளியிட்டார். காரணம் எதுவானாலும் உடல் ஒரே பாட்டைத்தான் பாடுகிறது என்பதுதான் அதன் சாரம்.

## சிறுநீரகத்தின் தலையில் ஒரு தொப்பி

இரவு ஒன்பது மணிக்கு மேலதிகாரியின் பெயர் செல்போனில் ஒளிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னும் எடுத்து ஹலோகூடச் சொல்லவில்லை. அதற்குள் உடலுக்குள் நடப்பது இது:

1. மூளையின் ஆழத்தில் பாதாம் பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா ‘ஆபத்து’ என்று மணி அடிக்கிறது. பெயரைப் பார்த்தே அடித்துவிடும். விஷயம் என்னவென்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை.

2. நரம்பு வழியாகச் செய்தி நொடியில் இறங்கி, இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளை எட்டுகிறது. அட்ரினலின் கொட்டுகிறது. இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, ஈரல் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது, கால் தசைகளுக்கு ரத்தம் பாய்கிறது. ஜீரணம் நிறுத்திவைக்கப்படுகிறது, வாய் உலர்வதும் வயிற்றைப் பிசைவதும் அதனால்தான்.

3. பின்னாலேயே மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ், அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி என்று ஹார்மோன் வழியாக இரண்டாவது செய்தி மெதுவாக வந்து, அதே அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதியிலிருந்து கார்ட்டிசாலைச் சுரக்க வைக்கிறது. செலவான சக்தியை ஈடுகட்டுவது இதன் வேலை.

அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் இதை ‘மோது அல்லது ஓடு’ என்ற பொருளில் பெயரிட்டு எழுதினார். புலி துரத்தினால் அருமையான ஏற்பாடு. இங்கே துரத்துவது ஒரு போன் அழைப்பு. ஓடுவதற்கு வேண்டிய சர்க்கரை, ரத்தம், துடிப்பு எல்லாம் தயார். ஆள் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து ‘சரிங்க சார், சரிங்க சார்’ என்கிறார்.

இதில் நேரக் கணக்கு முக்கியம். அட்ரினலின் சில நிமிடங்களில் ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். கார்ட்டிசால் உச்சத்துக்கு வரவே ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடம் ஆகும். அடங்க ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். சண்டை முடிந்து சமாதானமான பிறகும் மனம் கொதித்துக்கொண்டே இருப்பதற்கு, ‘இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்கணும்’ என்று தோன்றுவதற்கு, இதுவும் ஒரு காரணம். எதிராளி அதற்குள் தூங்கியே போயிருப்பார்.

எப்போதாவது இப்படி ஏறி இறங்கினால் கெடுதல் இல்லை. தேர்வுக்கு முந்தைய படபடப்பு படிக்கவும் வைக்கிறது. இறங்காமல் மாதக்கணக்கில் நிற்பதுதான் பிரச்சினை. இரண்டு ஆய்வுகளை மட்டும் சொல்கிறேன். 1991-இல் ஷெல்டன் கோயன் குழுவினர் ஆரோக்கியமான 394 பேரின் மூக்கில், அவர்கள் சம்மதத்தோடு, சளிக் கிருமியைச் சொட்டு மருந்தாக விட்டுப் பார்த்தார்கள். முன்பே அதிக உளைச்சலில் இருந்தவர்களுக்குத்தான் அதிகமாகச் சளி பிடித்தது. 1995-இல் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர், மறதி நோய் கண்ட உறவினரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் 13 பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு காயம் உண்டாக்கி, அது ஆற எத்தனை நாள் ஆகிறது என்று கணக்கெடுத்தார்கள். அந்தப் பொறுப்பு இல்லாத, அதே வயதுப் பெண்களுக்கு ஆறியதைவிட 9 நாள் கூடுதலாக ஆனது. ‘மன’ அழுத்தம் என்கிறோம். கையில் பட்ட காயத்துக்கு அது தெரிந்திருக்கிறது.

## ஏன் மூச்சு?

உடலில் தானாக ஓடும் வேலைகளை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ‘இதயமே, மெதுவாகத் துடி’ என்றால் கேட்காது. ‘கார்ட்டிசாலே, இறங்கு’ என்றாலும் கேட்காது. ‘டென்ஷன் ஆகாதே’ என்று அடுத்தவர் சொல்லும் அறிவுரை பலிக்காததும், சில சமயம் எரிச்சலையே கூட்டுவதும் இதனால்தான். ஆனால் தானாகவும் ஓடி, நாம் சொன்னாலும் கேட்கும் வேலை ஒன்று உண்டு. அதுதான் மூச்சு. பூட்டிய வீட்டில் திறந்திருக்கும் ஒரே ஜன்னல்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, இரண்டு விரல் வைத்து நாடியைப் பிடியுங்கள். மெதுவாக, ஆழமாக மூச்சை இழுங்கள், மெதுவாக விடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் தெரியும்: இழுக்கும்போது நாடி சற்று முந்துகிறது, விடும்போது பிந்துகிறது. இளம் வயதினருக்கு இது நன்றாகத் தெரியும். வயதாக ஆக மங்கும். ஒவ்வொரு வெளிமூச்சிலும் இதயத்துக்கு ஒரு சின்ன பிரேக் விழுகிறது.

அந்த பிரேக் கம்பியின் பெயர் வேகஸ் நரம்பு. மூளையின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பி, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், குடல் வரை அலைந்து திரியும் நரம்பு. பெயரின் பொருளே ‘அலைவது’தான். அது எப்படி இதயத்தை மெதுவாக்குகிறது என்று கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இருந்த ஆட்டோ லோவி என்ற மருந்தியல் அறிஞருக்கு ஒரு ராத்திரி கனவில் ஒரு பரிசோதனை தோன்றியது. அரைத் தூக்கத்தில் கிறுக்கி வைத்தார். காலையில் அந்தக் கையெழுத்து அவருக்கே புரியவில்லை. மறுநாள் ராத்திரி அதே கனவு. இந்த முறை எழுந்து நேராக ஆய்வுக்கூடத்துக்கே போய்விட்டார். இரண்டு தவளை இதயங்கள். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், அது மெதுவானது. அது மிதந்த திரவத்தை எடுத்து, நரம்பே இல்லாத இரண்டாவது இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. ஆக, நரம்பு ஒரு ரசாயனத்தைச் சொட்டுகிறது என்று தெரிந்தது. அசிட்டைல்கோலின் என்று பின்னால் அடையாளம் கண்டார்கள். 1921-இல் வெளியான இந்த வேலைக்கு 1936-இல் நோபல் பரிசு, ஹென்றி டேலோடு பகிர்ந்து.

ஆக, வெளிமூச்சு நீள நீள அந்த ரசாயனம் இதயத்தின் மேல் கூடுதல் நேரம் சொட்டுகிறது. ‘அப்பாடா’ செய்யும் வேலை இதுதான்.

பெருமூச்சுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. நமக்குத் தெரியாமலே சில நிமிடங்களுக்கு ஒரு முறை பெருமூச்சு விடுகிறோம். நுரையீரலில் உள்ள கோடிக்கணக்கான காற்றுப் பைகளில் சில அவ்வப்போது சுருங்கி ஒட்டிக்கொள்ளும். பெருமூச்சு அவற்றை ஊதி விரிக்கிறது. ‘வீட்டில் உட்கார்ந்து பெருமூச்சு விடாதே, ஆகாது’ என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. உடல் அந்தப் பேச்சைக் கேட்காமல் இருப்பது நல்லது.

2023-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் பெருமூச்சையே பயிற்சியாக்கினார்கள். தினம் 5 நிமிடம், ஒரு மாதம். மூன்று வகை மூச்சுப் பயிற்சி, ஒரு தியானம் என்று நான்கு குழுக்கள். எல்லாக் குழுவிலும் பதற்றம் குறைந்தது. மனநிலை அதிகம் தேறியது பெருமூச்சுக் குழுவில். செய்முறை:

1. மூக்கால் மூச்சை இழுங்கள்.
2. நிறைந்துவிட்டது என்று தோன்றும்போது, விடாமல், இன்னொரு சின்ன இழுப்பு.
3. வாயால் மெதுவாக, முழுவதும் காலியாகும் வரை விடுங்கள். இழுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஆகட்டும்.
4. திரும்பவும் அதே. ஐந்து நிமிடம் முடியாவிட்டால் நாலைந்து முறை செய்தாலும் வித்தியாசம் தெரியும்.

வேகமாகச் செய்தால் தலை சுற்றும். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுவதுதான் காரணம். உடனே நிறுத்திச் சாதாரணமாக மூச்சு விட்டால் போதும்.

வெளிமூச்சு இரு மடங்கு என்ற கணக்கு நமக்குப் புதிதும் அல்ல. திருமந்திரத்தில் உள்ளிழுக்கும் பூரகத்துக்கு 16 மாத்திரை (இங்கே மாத்திரை என்பது கால அளவு), வெளிவிடும் ரேசகத்துக்கு 32. நடுவில் அடக்கும் கும்பகத்துக்கு 64 இருக்கிறதே என்றால், அது குருவிடம் இருந்து யோகம் பழகுகிறவர்களுக்கு. டென்ஷனைக் குறைக்க மூச்சைப் பிடித்து வைக்கத் தேவையில்லை. ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

பிரார்த்தனையும் இதே கதவைத்தான் தட்டுகிறது. 2001-இல் இத்தாலியின் லுசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரை லத்தீனில் ஜெபமாலையும், ‘ஓம் மணி பத்மே ஹூம்’ மந்திரமும் சொல்ல வைத்து அளந்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 முறைக்கு இறங்கியது. சாதாரணமாக நாம் 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். நம் தேவாலயங்களில் ‘அருள் நிறைந்த மரியே’யின் முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியைச் சபை சொல்கிறது. ஒருவர் சொல்லும்போது மற்றவர் மூச்சு வாங்கும் அந்த ஏற்பாட்டைத்தான் அங்கே அளந்தார்கள். தாலாட்டையும் இதோடு சேர்க்கலாம் என்பது என் எண்ணம். ‘ஆராரோ’வை இழுத்துப் பாடினால் வெளிமூச்சு நீளாமல் முடியாது. பிள்ளை தூங்கியதோ இல்லையோ, பாடிய அம்மாவுக்குக் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

## கால் செய்யும் வேலை

ஓடச் சொல்லி உடல் கொடுத்த சர்க்கரை ரத்தத்தில் நிற்கிறது. அதை எரிக்க எளிய வழி, உடல் கேட்டதையே செய்துவிடுவது. பத்து பதினைந்து நிமிட நடை போதும். நடக்கும் தசை இன்சுலினுக்குக் காத்திராமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ‘கோபம் வந்தால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடு’ என்பதில் இரண்டு மருந்து இருக்கிறது: இடம் மாறுவது ஒன்று, நடப்பது இன்னொன்று.

எங்கே நடப்பது என்பதுதான் நம் ஊரில் கேள்வி. நடைபாதையில் பைக் ஏறிவரும் தெருவில் ஹாரனுக்கு நடுவே நடந்தால் அமிக்டலாவுக்கு ஓய்வு கிடையாது. அதைவிட மொட்டை மாடி மேல். மாடியிலிருந்து ஒரு வேப்பமரமோ தென்னையோ தெரிந்தால் இன்னும் நல்லது. இது வெறும் ரசனை சார்ந்த விஷயம் கிடையாது. ரோஜர் உல்ரிச் 1984-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய ஆய்வு ஒன்று உண்டு. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் 1972 முதல் 1981 வரையிலான பதிவேடுகளைப் பார்த்தார். ஜன்னல் வழியே மரம் தெரிந்த 23 பேர். செங்கல் சுவர் மட்டும் தெரிந்த 23 பேர். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள்.

வெளியே போக முடியவில்லையா? முகத்தில் குளிர்ந்த தண்ணீர். நெற்றியும் கண்ணைச் சுற்றிய பகுதியும் நனைந்து மூச்சும் நிற்கும்போது, நீரில் மூழ்கிவிட்டதாக எண்ணி உடல் அதே வேகஸ் வழியாக இதயத்தை மெதுவாக்கும். பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் உள்ள அனிச்சை இது. மே மாதத்தில் நம் குழாயில் வருவது வெந்நீர் என்பதால் பானைத் தண்ணீரில் துண்டை நனைத்து முகத்தில் வைக்கலாம். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இது வேண்டாம்.

## சர்வரின் ஞாபகமும் தலைமாட்டு நோட்டும்

பழைய ஓட்டல்களில் சர்வர் எதையும் எழுதிக்கொள்ள மாட்டார். ‘ரெண்டு இட்லி, ஒரு நெய் ரோஸ்ட், மூணாவது டேபிளுக்கு ஸ்ட்ராங் காபி’ எல்லாம் தலையிலேயே இருக்கும். பில் போட்டுக் காசு கைக்கு வந்ததும் மொத்தமும் அழிந்துவிடும். பெர்லினில் வெயிட்டர்களிடம் இதைக் கவனித்துத்தான் ப்ளூமா ஜைகார்னிக் என்ற உளவியலாளர் தன் ஆய்வைத் தொடங்கினார் என்பார்கள். முடிந்த வேலையைவிட முடியாத வேலை மனதில் அதிகம் நிற்கிறது என்று 1927-இல் எழுதினார். நினைவாற்றல் பற்றிய அந்த முடிவு பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் அப்படியே கிடைக்கவில்லை. ஆனால் முடியாத வேலை ராத்திரியில் தலைக்குள் வந்து வந்து போவதை மறுக்க ஆய்வு தேவையில்லை.

இதில் ஒரு நல்ல செய்தி: தொந்தரவு நிற்க வேலையை முடிக்க வேண்டியதில்லை. எப்போது, எப்படிச் செய்வேன் என்று திட்டம் போட்டாலே பெருமளவு நிற்கிறது என்று 2011-இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் ஆகியோரின் ஆய்வு காட்டியது. 2018-இல் அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைத் தூங்கப் போகும் முன் 5 நிமிடம் எழுத வைத்தார்கள். பாதிப் பேர் அன்று முடித்த வேலைகளை எழுதினார்கள். மீதிப் பேர் இனி செய்ய வேண்டியதை எழுதினார்கள். இரண்டாவது குழு சுமார் 9 நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டது. எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம்.

அதாவது ‘கரண்ட் பில்’ என்று எழுதினால் போதாது. ‘புதன் காலை, டிபன் முடிந்ததும், கரண்ட் பில்’ என்று எழுத வேண்டும். செல்போனில் வேண்டாம், எழுதத் திறந்தவர் வேறு எதையோ பார்த்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு நிமிர்வார். பள்ளிப் பிள்ளையின் பாதி முடிந்த பழைய நோட்டும் பேனாவும் தலைமாட்டில் இருந்தால் போதும்.

## ஆறுதல் போலத் தோன்றுபவை

1. சிகரெட். முந்தைய சிகரெட்டின் நிக்கோட்டின் இறங்கியதால் வந்த படபடப்பைத்தான் அடுத்த சிகரெட் தணிக்கிறது. கடனை அடைக்க அதே ஆளிடம் கடன் வாங்குவது.

2. மது. தூங்க வைக்கும், பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்தும் விடும்.

3. மாலைக் காபி. காபியை விட்டுவிடச் சொன்னால் இந்தப் பக்கத்தை மூடிவிடுவீர்கள், அதனால் சொல்லவில்லை. காஃபீனில் பாதி உடலை விட்டுப் போக சராசரியாக 5 மணி நேரம் ஆகும். ஆறு மணி டபராவில் பாதி, இரவு பதினொன்றுக்கும் உள்ளே இருக்கிறது. நாலு மணிக்கு முன் முடித்துக்கொள்வது நல்லது.

4. கத்தித் தீர்ப்பது. ‘உள்ளேயே வைத்துக்கொள்ளாதே, கொட்டிவிடு’ என்பார்கள். 2002-இல் பிராட் புஷ்மன் இதைச் சோதித்தார். தங்களைக் கோபப்படுத்திய ஆளை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த அளவு இல்லை. கொட்டுவதற்கும் பகிர்வதற்கும் வித்தியாசம் உண்டு. நம்பும் ஆளிடம் நடந்ததைச் சொல்வது வேறு. 2006-இல் ஜேம்ஸ் கோன் செய்த ஆய்வில், லேசான மின் அதிர்ச்சிக்குக் காத்திருந்த 16 பெண்கள் கணவரின் கையைப் பிடித்திருந்தபோது மூளையின் ஆபத்து மணி அடங்கியது. முன்பின் தெரியாதவரின் கைக்கும் கொஞ்சம் பலன் இருந்தது. இணக்கமான தம்பதியருக்குப் பலன் அதிகம். அதை ஆய்வு செய்து சொல்ல வேண்டுமா என்று கேட்டால், சரிதான்.

## எப்போது இதெல்லாம் போதாது?

நெஞ்சு வலி, இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, திடீர் வியர்வை, மூச்சிரைப்பு: இவற்றை ‘டென்ஷன்தான்’ என்று வீட்டிலேயே முடிவு செய்யாதீர்கள். பெண்களுக்கு மாரடைப்பு வெறும் களைப்பு, குமட்டல் என்றும் வரலாம் என்பதால் கூடுதல் கவனம் தேவை. அடிக்கடி படபடப்பு என்றால் தைராய்டையும் ஹீமோகுளோபினையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும் பெண்ணுக்குத் தேவை தியானமா, இரும்புச்சத்தா என்று ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

மேலே சொன்ன மனச்சோர்வின் அறிகுறிகள் இரண்டு வாரம் தொடர்ந்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒரே ஒரு முறை வந்தாலோ, யாரிடமாவது பேச வேண்டும். இந்தியாவில் ‘டெலி மானஸ்’ 14416, இலங்கையில் 1926. இரண்டும் அரசின் மனநல உதவி எண்கள்.

## அழுத்தாத பொத்தான்

மூச்சும் நடையும் உடலில் ஏறியதை இறக்கும். ஏற்றிவிடும் காரணத்தை ஒன்றும் செய்யாது. அதைச் சொல்லாமல் விட்டால் எல்லாப் பட்டியல்களையும் போல இதுவும் பழியைப் படிப்பவர் தலையிலேயே போட்டதாகிவிடும்.

டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இருவர் 1972-இல் வெளியிட்ட பரிசோதனைகளில் ஒன்று இது. காதைத் துளைக்கும் இரைச்சலில் சிலரை வேலை செய்ய வைத்தார்கள். பாதிப் பேரிடம் ஒரு பொத்தானைக் காட்டி, ‘தாங்க முடியாவிட்டால் இதை அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும், அழுத்தாமல் இருந்தால் நல்லது’ என்றார்கள். அவர்கள் அழுத்தவில்லை. இரண்டு குழுவும் கேட்டது ஒரே இரைச்சல். ஆனால் பொத்தான் இருந்தவர்கள் பின்னால் கொடுத்த வேலையில் கவனம் சிதறாமல் இருந்தார்கள், கடினமான புதிர்களை விடாமல் முயன்றார்கள். இரைச்சலைவிட, அதை நிறுத்த வழியில்லை என்பதுதான் ஆளை அதிகம் அரித்திருக்கிறது.

எதிர்பார்க்க முடிவதும் அரைப் பொத்தான்தான். பராமரிப்புக்காக நாளை காலை 9 முதல் 2 வரை மின்தடை என்று முன்கூட்டியே அறிவித்தால், மாவை அரைத்து வைத்துவிட்டு இருந்துவிடுகிறோம். சொல்லாமல் அரை மணி நேரம் போனால்தான் ஆத்திரம் வருகிறது.

அலுவலகத்திலும் இதே கணக்கு. லண்டனில் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு சுமார் 18,000 அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தது. பொறுப்பு கூடக்கூட இதய நோய் கூடும் என்பதுதான் அதுவரை பொதுவான எண்ணம். தலைகீழாக இருந்தது. பதவி குறையக் குறையத்தான் இதய நோய்ச் சாவு கூடியது. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் இடைவெளி முழுதாக மறையவில்லை. மைக்கேல் மார்மட் தலைமையில் நடந்த இரண்டாவது வைட்ஹால் ஆய்வு, தன் வேலையைத் தானே தீர்மானிக்க முடியாததை அதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் காட்டியது.

எனவே வீட்டிலோ வேலையிலோ ஒருவரின் உளைச்சலைக் குறைக்க நினைப்பவர் கேட்க வேண்டியது, அவர் கையில் எந்தப் பொத்தான் இருக்கிறது என்பதை. அடுத்த வார ஷிப்ட் இன்றே தெரியுமா? படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கு, ஞாயிறு மாலை மூன்று மணி நேரம் வேறு யாராவது மாற்றிவிடுவார்களா?

ஜவுளிக்கடையில் புடவை எடுத்துக் காட்டும் பெண்கள் காலை பத்து மணி முதல் ராத்திரி வரை நின்றார்கள். ஆள் இல்லாத நேரத்தில் சுவரில் சாய்ந்தாலும் திட்டு விழுந்தது. அவர்களிடம் போய் ஆழமாக மூச்சு விடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். 2021-இல் தமிழ்நாடு சட்டமன்றம், கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை இருக்க வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அது. அடுத்த முறை புடவைக் கடைக்குப் போகும்போது கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று எட்டிப் பாருங்கள்.